வீட்டுக்கென எழுதப்படும் நிரல்

இந்திய வீடுகளில் நிரலாக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கி அதே கேள்வியில் முடிகிறது: அதைப் படித்தால் எவ்வளவு சம்பளம் கிடைக்கும்? பிள்ளையைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கும் தந்தை அதைக் கேட்கிறார். வளாகத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவி அதைக் கேட்கிறாள். வேலை மாற விரும்பும் நாற்பது வயதுக்காரரும் அதையே கேட்கிறார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கத்தைக் கற்பிக்கச் சொன்னது. அக்காலத்தில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வந்த பயிற்சி வகுப்பு விளம்பரங்களோ, பத்து வயதுப் பிள்ளை பிற்காலத்தில் ஈட்டப்போகும் பணத்தைத்தான் முன்னிறுத்தின.

கேள்வியில் தவறில்லை. எந்தக் கல்விக்கும் வயிற்றுப்பாடு ஒரு நியாயமான காரணம்தான். ஆயினும் ஒரு முரண் கவனத்துக்குரியது. தையல் தெரிந்தவர் கிழிந்த தலையணை உறையைத் தாமே தைத்துக்கொள்கிறார். தச்சு வேலை தெரிந்தவர் தம் வீட்டுப் பரணுக்குத் தாமே பலகை அடிக்கிறார். நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும், தம் கைப்பேசி நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்ததும், யாரோ செய்துவைத்த ‘தூய்மை செய்’ என்ற பொத்தானைத் தேடிச் செல்கிறார். அலுவலகத்தில் பகல் முழுவதும் பிறருடைய தரவுகளை ஒழுங்குசெய்யும் கை, வீட்டுக்கு வந்ததும் தன் சொந்தக் கோப்புகளின் முன் செயலற்றுப் போகிறது. இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. அந்தத் திறமை தன் வாழ்க்கைக்கும் உரியது என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2017 டிசம்பரில் கூகுள் நிறுவனம் ‘பைல்ஸ் கோ’ என்ற செயலியை வெளியிட்டது. இடம் குறைந்த கைப்பேசிகளில் தேவையற்ற கோப்புகளைக் கண்டறிந்து நீக்க உதவுவது அதன் பணி. இந்தியப் பயனர்களின் கைப்பேசிகளை நிரப்பிக்கொண்டிருந்த காலை வணக்கப் படங்களை, அதாவது சூரியோதயமும் ரோஜாவும் தெய்வத் திருவுருவமும் கலந்து நாள்தோறும் வந்து குவியும் அந்தப் படங்களை, அடையாளம் காண்பதும் அதன் வேலைகளுள் ஒன்றாயிற்று. பயனுள்ள கருவிதான். ஆனால் இத்தகைய கருவிகளுக்குத் தெரிந்த அளவுகோல்கள் சில மட்டுமே: கோப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு பழையது, எத்தனை நாளாகத் திறக்கப்படவில்லை, அதே கோப்பு வேறெங்கும் உள்ளதா. ஒரு குடும்பத்துக்கு எது முக்கியம் என்பது இவற்றுள் எதிலும் அடங்காது. நான்கு ஆண்டுகளாகத் திறக்கப்படாத கோப்பு குப்பையாக இருக்கலாம். திறக்க மனம் துணியாத கோப்பாகவும் இருக்கலாம். பொத்தானுக்கு இரண்டும் ஒன்றே.

போபாலில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தந்தை ஓய்வுபெற்ற இந்தி ஆசிரியர், அண்மையில் காலமானவர். மகள் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். கல்லூரியில் ஓராண்டு பைத்தான் படித்தவர். தந்தையின் பழைய கணினியில் நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ளன: பள்ளி விழா உரைகள், உறவினர் திருமணங்களுக்கு எழுதிய வாழ்த்துகள், ஊர்க் கிணறு தூர்ந்த கதை, தம் தாயைப் பற்றி எழுதத் தொடங்கி முடிக்காத நான்கு பக்கங்கள். மகள் தன் மடிக்கணினியில் அவற்றைத் திறந்தால் இந்தி தெரிவதில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான் தெரிகிறது.

காரணம் எளியது. ஒருங்குறி பரவுவதற்கு முன் வட இந்தியாவில் பெருவழக்காக இருந்த எழுத்துருக்களுள் ஒன்று குருதி தேவ். வட மாநிலங்களின் தட்டச்சுத் தேர்வுகளில் அதற்கு இன்றும் இடமுண்டு. அந்த எழுத்துருவில் இயற்றிய கோப்பின் உள்ளே இருப்பவை தேவநாகரி எழுத்துகள் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. எழுத்துரு என்ற முகமூடி இருக்கும்வரை அவை இந்தியாகத் தெரியும். முகமூடி இல்லாத கணினியில் ‘பாரத்’ என்ற சொல் எச், கே, கே, ஜே, ஆர் என்று நிற்கும். ‘பிதா’ என்ற சொல் எஃப், ஐ, ஆர், கே என்று நிற்கும். மகளின் திரையில் ‘தந்தை’ என்ற சொல்லே படிக்க முடியாததாகிவிட்டது.

இதை மீட்க எழுதும் நிரல் மிகப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஐ என்றால் ‘ப’, ஆர் என்றால் ‘த’, கே என்றால் ‘ஆ’காரக் குறி என்று ஓர் அட்டவணையைத் தயாரித்து, ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினால் பெரும்பகுதி முடிந்துவிடும். மிச்சப் பகுதியில்தான் மொழியின் நுட்பம் ஒளிந்திருக்கிறது. தேவநாகரியில் குற்றிகரக் குறி மெய்யெழுத்தின் இடப்புறம் எழுதப்படுகிறது. ஒலியிலோ அது மெய்க்குப் பின் வருகிறது. குருதி தேவ் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது. ஒருங்குறி ஒலி வரிசையில் சேமிக்கிறது. ஆகவே எஃப் என்ற குறியைக் கண்டதும், நிரல் அதை அடுத்துள்ள மெய்யைத் தாண்டி நகர்த்த வேண்டும். ‘வர்மா’ போன்ற பெயர்களில் அடுத்த எழுத்தின் தலைமேல் ஏறும் ரகரத்துக்கு இதன் நேரெதிர் விதி வேண்டும்: பின்னே நிற்பதை முன்னே கொண்டுவர வேண்டும். தமிழின் பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகளை மாற்றுவோரும் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள்; அங்கே இடம் மாற வேண்டியவை எகர, ஏகார, ஐகாரக் கொம்புகள்.

இத்தகைய மாற்றிகள் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை மாற்ற அவை போதும். ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டி எடுப்பது ஒருபுறமிருக்க, இறந்தவரின் முடிவுறாத பக்கங்களை அறிமுகமற்ற ஒரு தளத்தில் ஒட்டுவதா என்ற தயக்கம் மறுபுறம் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. தந்தை சில சொற்களைத் தமக்கே உரிய முறையில் தட்டச்சு செய்திருப்பார். பேச்சுவழக்கு ஒன்றை வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு பதிந்திருப்பார். பொது மாற்றி அதைச் சிதைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மகள் எழுதிய நிரல் அந்த இடத்தில் நின்று, ‘இது என் அட்டவணையில் இல்லை’ என்று காட்டுமாறு செய்ய முடியும். அப்போது அவர் படிக்கிறார்; நினைவுகூர்கிறார்; முடிவெடுக்கிறார். கோப்புகளை ஒழுங்குசெய்தல் என்பதன் உண்மையான பொருள் இந்த முடிவெடுத்தலே. இடத்தை மிச்சப்படுத்துவது அதன் துணைப்பயன்.

அதே வீட்டின் கைப்பேசியில் வேறு வகைக் குவியல் இருக்கும். வாட்ஸ்அப் வழியாக வரும் படங்கள் ‘ஐஎம்ஜி’ என்ற முன்னொட்டு, எட்டு இலக்கத் தேதி, ‘டபிள்யூஏ’ என்ற குறி, நான்கு இலக்க வரிசை எண் என்ற அமைப்பில் பெயர் பெறுகின்றன. 20190814 என்றால் 2019 ஆகஸ்ட் 14. வழக்கமாக ஒரு படத்தின் உள்ளே, அது எப்போது எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்ற ‘எக்ஸிஃப்’ குறிப்பு இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அக்குறிப்பு நீங்கிவிடுகிறது. எனவே கோப்பின் பெயரில் உள்ள அந்த எட்டு இலக்கங்களே எஞ்சியிருக்கும் ஒரே தடயம். அவற்றைப் பிரித்தெடுத்து, ஆண்டுவாரியாகக் கோப்புறைகளில் அடுக்கும் நிரலைப் பைத்தானில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றும்போது நாள் குறிப்புகள் குழம்பி, பத்தாண்டுப் படங்களும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவைபோல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு வரிகளின் அருமை விளங்கும்.

ஆனால் அந்தத் தேதி படம் எடுக்கப்பட்ட நாளைச் சொல்வதில்லை; அது வந்து சேர்ந்த நாளையே சொல்கிறது. 1985இல் நடந்த திருமணத்தின் மங்கிய படத்தை அத்தை ஒருவர் 2019இல் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பியிருந்தால், நிரலுக்கு அது 2019ஆம் ஆண்டுப் படம்தான். அதை 1985க்கு நகர்த்த, படத்தில் இருப்பவர்களை அறிந்த ஒருவர் வேண்டும். குரல் பதிவுகளின் நிலையும் இதுவே. ‘பிடிடி’ என்று தொடங்கி 20200411 என்ற தேதியைத் தாங்கிய ஒரு சிறு கோப்பில், ஊரடங்கின் மூன்றாம் வாரத்தில் ஒரு தந்தை மகளிடம் கோதுமை மாவு கிடைத்ததா என்று கேட்டிருக்கலாம். அளவில் அது ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். தூய்மை செய்யும் பொத்தானோ அதை ‘பழைய குரல் பதிவுகள்’ என்ற தலைப்பின்கீழ் மற்றவற்றோடு சேர்த்துக் காட்டும். அனுப்பியவர் பெயரோ சொன்ன செய்தியோ அந்தக் கோப்பின் பெயரில் இல்லை. கேட்டு, அறிந்து, ‘அப்பா கோதுமை மாவு’ என்று பெயர் மாற்றும் உரிமையும் கடமையும் வீட்டுக்கே உரியவை.

பெயரிடுதல் என்பது மொழியியலின் முதற்பாடம். வீட்டுக் கணினியிலும் அதுவே முதற்பாடம். இந்திய வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று பெயரிட்டால் 05-11-2021 என்ற கோப்பு 06-01-2019க்கு முன்னால் வந்து நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று திருப்பி எழுதினால் அகர வரிசையே கால வரிசையாகிவிடும். 1988இல் உருவான ஐஎஸ்ஓ 8601 என்ற நியமம் சொல்வதும் இந்த ஒழுங்கைத்தான். தமிழில் பெயரிடுவோர்க்கு வேறு வியப்புகளும் காத்திருக்கின்றன. ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகள் 1988ஆம் ஆண்டின் ‘இஸ்கி’ என்ற இந்தியக் குறியீட்டை ஒட்டி, எல்லா எழுத்து முறைகளையும் ஒரே சட்டகத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அதனால் அகராதியில் இறுதியில் வரவேண்டிய னகரம், குறியீட்டு வரிசையில் நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது. பைத்தானிடம் தமிழ்ப் பெயர்களை அடுக்கச் சொன்னால் அது இந்தக் குறியீட்டு வரிசையையே பின்பற்றும். அகராதி வரிசை வேண்டுமென்றால் எழுத்துகளின் வரிசையை அதற்குச் சொல்லித் தர வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த நெடுங்கணக்கு, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிரலின் வரியாக மீண்டும் வந்து அமர்வதில் ஒரு தனி இன்பம் உண்டு.

‘கொடைக்கானல்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்பதும் உண்டு. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஒன்றில் ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும், மற்றொன்றில் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதிவாகியிருக்கும். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி நியமம் சொல்கிறது. ஆனாலும் பல கணினிகள் அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே நடத்துகின்றன. பைத்தானில் ஒரே ஒரு கட்டளை அவற்றை ஒருமைப்படுத்திவிடும். அந்தக் கட்டளையைக் கண்டுபிடிக்கும் மாலைப்பொழுதில், தோற்றம் ஒன்றாயினும் உள்ளீடு வேறாக இருக்கலாம் என்ற உண்மையை ஒருவர் தம் சொந்தக் கோப்புறையிலேயே கண்டுகொள்கிறார். பாடநூல் சொல்லித் தராத இடத்தில் வீடு சொல்லித் தருகிறது.

இதற்கெல்லாம் என்ன பயன் என்ற கேள்வி எழும். பொழுதுபோக்கு நிரலாக்கத்துக்கு வாதாடுவோர் வழக்கமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் ஒரு பொழுதுபோக்கு முயற்சிதான். 2003இல் வங்காள மொழிக்கு அவ்ரோ விசைப்பலகையை அளித்த மெஹ்தி ஹசன் கான் அப்போது மருத்துவ மாணவர். ஆகவே பொழுதுபோக்கைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பார்கள். உண்மைகள் சரியானவை, வாதம் வலுவற்றது. அது பொழுதுபோக்குக்கும் சந்தை விலை ஒன்றைத் தேடித் தருகிறது. சம்பளக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கிறதே தவிர விட்டுவிடவில்லை. உலகை மாற்றாத நிரலுக்கு அந்த வாதத்தில் இடமில்லை. வீட்டு நிரல்களில் பெரும்பாலானவை உலகை மாற்றப்போவதில்லை. அடுத்த வீட்டையும் எட்டப்போவதில்லை.

வாசலில் இடும் கோலத்தை யாரும் இப்படி எடைபோடுவதில்லை. விடியலில் புள்ளி வைத்து, கோடிழுத்து, நண்பகலுக்குள் காலடியில் அழியும் ஒன்றுக்காக இடுப்பு வளைப்பதன் பயன் என்ன என்று கோலமிடுபவர் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கோலத்துக்குள் ஓர் இலக்கணம் இருப்பதைக் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில் கணினியியலின் மொழியில் எடுத்துக்காட்டினார்கள். விதி உண்டு; பிழை நேர்ந்தால் கண் உடனே அறியும்; சரியாக முடிந்தால் மனம் நிறையும். சிறு நிரலின் இன்பமும் இதே வகையைச் சேர்ந்தது. இயக்கிய கணத்தில் முந்நூறு கோப்புகள் தத்தம் இடத்தில் போய் அமர்வதைப் பார்க்கும் நிறைவுக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

இன்று வேறொரு மறுப்பும் சேர்ந்துள்ளது. கேட்டால் செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தந்துவிடும்போது, மனிதர் ஏன் வருந்த வேண்டும்? உதவி பெறுவதில் இழுக்கில்லை. அட்டவணையைத் தட்டச்சு செய்யும் சலிப்பை அது மிச்சப்படுத்தும். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எதற்கு என்ன பெயர் என்ற விதியை அதனிடம் கேட்க முடியாது. அதற்குச் சொல்லத்தான் முடியும். விதியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் ஏற்கெனவே நிரலின் பாதியை எழுதிவிட்டார். மீதிப் பாதியை வரி வரியாகப் படித்துப் புரிந்துகொள்ளாமல் இயக்குவது ஆபத்தானது. அழிக்கும் நிரலுக்குக் கண்ணீர் தெரியாது. ஆகையால் முதல் ஓட்டத்தில் எதையும் அழிக்காமல் பட்டியலை மட்டும் அச்சிடச் செய்வதும், கழிக்க வேண்டியவற்றை ஒரு தனிக் கோப்புறைக்கு நகர்த்தி ஒரு மாதம் காத்திருப்பதும், தொடங்குமுன் வேறொரு வட்டில் நகல் எடுத்துவைப்பதும் இந்தக் கைத்தொழிலின் அடிப்படை ஒழுக்கங்கள்.

மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது. இத்தகைய மாலைப்பொழுது யாருக்கு வாய்க்கிறது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். அவ்வாறு ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். போபால் கணக்காளர் தந்தையின் கோப்புகளைத் திறக்க அமரும்போது, அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கும் என்பதே இந்தக் கணக்கின் பொருள். நேரம் இல்லாதவரிடம் இன்பத்தைப் பரிந்துரைப்பது எளிது. அது அவர் தலையில் இன்னொரு வேலையாக இறங்கிவிடும் அபாயம் உண்டு. பாத்திரங்களையும் அலமாரிகளையும் ஒழுங்குசெய்யும் பொறுப்பு யார்மேல் விழுந்ததோ, படங்களையும் ஒழுங்குசெய்யும் பொறுப்பு அவர்மேலேயே விழக்கூடும். ஆகவே வீட்டு நிரலைப் பற்றிப் பேசுவோர், அந்த வீட்டில் பருப்பை யார் இறக்கிவைப்பது என்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஓய்வு பகிரப்படாத வீட்டில் பொழுதுபோக்கும் பகிரப்படாது.

கருவி இல்லை என்ற தடை அவ்வளவு பெரிதன்று. மடிக்கணினி இல்லாதவர் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே டெர்மக்ஸ் என்ற செயலியின் வழியே பைத்தானை இயக்கலாம். பெரிய தடை மனத்தில் உள்ளது. நிரல் என்றால் அது பிறருக்காக, ஊதியத்துக்காக, மதிப்பெண்ணுக்காக எழுதப்படுவது என்ற எண்ணமே அந்தத் தடை. அதைத் தளர்த்தும் வாய்ப்பு ஆசிரியர்களிடம் இருக்கிறது. எண்களின் காரணிகளைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் பக்கத்தில், மாணவர் தம் வீட்டிலிருந்து ஒரு சிக்கலைக் கொண்டுவரும் பயிற்சி ஒன்றும் இருக்கலாம்: பாட்டியின் மருந்துச் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்குவது, இருமுறை பதிவான தொலைபேசி எண்களை ஒன்றாக்குவது, தாத்தாவின் கோப்பைப் படிக்கும்படி மாற்றுவது. அப்படிப்பட்ட பயிற்சியில் விடையை நகலெடுக்க இயலாது. ஒரு வீடு இன்னொரு வீட்டைப்போல் இருப்பதில்லை.

காகிதக் காலத்தில் இரும்புப் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பிரித்து, எதைக் கட்டி வைப்பது, எதை அடுப்பில் இடுவது என்று முடிவுசெய்த முதியவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருந்தார். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. பெட்டி கைப்பேசிக்குள் போய்விட்டது. முடிவெடுப்பதைப் பொத்தானிடம் விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதத்துக்கு ஒரு மாலையும், பத்து வரி எழுதும் துணிவும், எதையும் அழிக்குமுன் ஒருமுறை கேட்டுப்பார்க்கும் பொறுமையும் இருந்தால் அந்த இடத்தில் ஒருவர் அமர்ந்துவிடலாம்.